பேஸ்ட்டில் தொடங்கி ஷீட்டில் முடிந்தது: பழைய லேப்டாப்பின் சூட்டைக் குறைத்த வேலை

சென்னைக் கோடை முழுக்க ஓடி, இப்போது ஐப்பசி மழையும் வந்துவிட்டது. உள்ளே பேஸ்ட்டுக்குப் பதில் சூட்டைக் கடத்தும் ஷீட் போட்ட பிறகு, முழு வேலை கொடுத்தாலும் லேப்டாப் 75 டிகிரியைத் தாண்டவில்லை. இதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கும் செம்புக்கும் நடுவே பூசும் பசை) மாற்றிய அன்று மாலை திரையில் தெரியும் எண் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். அரை வருடம் கழித்து அதே சோதனையை ஓட்டும்போது என்ன வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் தடவை அங்கேதான் எனக்கு வேலை கவிழ்ந்தது.

லேப்டாப் 2018-ல் வாங்கியது. 14 அங்குலம், அலுவலக ரகம். உள்ளே இன்டெல் கோர் ஐ5-8250யூ பிராசஸர், அதாவது நான்கு கோர் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 15 வாட் சிப். நான் புரோகிராம் எழுதவும், மனைவி பள்ளிப் பாடங்களுக்கு வீடியோ எடிட் செய்யவும் இதைத்தான் பயன்படுத்துகிறோம். கொஞ்ச காலமாக வீடியோ எக்ஸ்போர்ட் கொடுத்தாலே ஃபேன் உச்சத்தில் இரையும், கீபோர்டின் நடுப்பகுதியில் விரல் வைக்க முடியாது, அப்புறம் மவுஸ் நகர்வதே திக்கித் திக்கித்தான். 900 ரூபாய்க்கு ஃபேன் வைத்த ஸ்டாண்டு ஒன்று வாங்கி அடியில் வைத்துப் பார்த்தோம். மூன்று டிகிரி குறைந்தது, அவ்வளவுதான். சூடு உள்ளே சிப்பிலிருந்து செம்புக்கே போகாதபோது வெளியே எவ்வளவு காற்று அடித்தும் பயனில்லை.

திறப்பதற்கு முன் அளந்து வைத்துக்கொள்வது முக்கியம். மர மேசை, சார்ஜர் செருகிய நிலை, சீலிங் ஃபேன் நிறுத்தம், பக்கத்தில் ஒரு அறை வெப்பமானி. சூடு, வாட் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை லாகிங் (அளவுகளைப் பதிவு செய்வது) போட்டு ஓடவிட்டு, சிப்பை முழு வேலை வாங்கி மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் ஆர்23-ன் பத்து நிமிடச் சோதனையை ஓட்டினேன். அறை 31 டிகிரி. சும்மா இருக்கும்போதே சிப் 58. சோதனை தொடங்கிப் பத்து விநாடிக்குள் 97-க்குப் போய், கடைசி வரை அங்கிருந்து இறங்கவேயில்லை. இந்தச் சிப்புக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொடாமல் இருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 15 வாட் எடுக்க வேண்டிய சிப் 12 வாட்டில் முடங்கிக் கிடந்தது. மதிப்பெண் 2,310.

இதில் பலர் கவனிக்காத ஒரு எண் உண்டு. நான்கு கோர்களின் சூட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் சகஜம். எனக்கு ஒரு கோர் மற்றதைவிட 11 டிகிரி அதிகம் காட்டியது. நான்கு கோரும் ஒரே சிலிக்கான் துண்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அப்படியிருந்தும் இவ்வளவு இடைவெளி என்றால், மேலே இருக்கும் பேஸ்ட் ஓரிடத்தில் இருக்கிறது, ஓரிடத்தில் இல்லை என்றுதான் அர்த்தம். லேப்டாப்பைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் இந்த இடைவெளியைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

சாமான்களுக்குச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். பிஎச்-0, பிஎச்-1 அளவுப் பிளஸ் முனைகள் உள்ள ஸ்க்ரூடிரைவர் செட் 350 ரூபாய். முனை காந்தமாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி 180 ரூபாய். சானிட்டைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம், அசிட்டோன் பிளாஸ்டிக்கை அரிக்கும். துடைப்பதற்குக் காபி ஃபில்டர் பேப்பர் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நம் வீட்டு ஃபில்டர் எவர்சில்வர். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி இரண்டைத் துண்டு போட்டுக்கொண்டேன், நார் ஒட்டாமல் சுத்தமாக வந்தது.

பேஸ்ட் கேட்டதும் கடைக்காரர் ஊசி மாதிரிக் குழலில் வெள்ளைப் பேஸ்ட் ஒன்றை எடுத்து வைத்தார். "அறுபது ரூபா சார். சர்வீஸ் கடைக்கெல்லாம் இதுதான் போகுது."

"இது டிரான்சிஸ்டருக்குப் போடுற சிலிக்கோன் பேஸ்ட்தானே அண்ணே? லேப்டாப்ல தாங்குமா?"

"ஆறு மாசம் தாங்கும். அப்புறம் திரும்ப வருவாங்க" என்று அவர் நேர்மையாகவே சொன்னார். உள்ளேயிருந்து டெஸ்க்டாப்காரர்கள் விரும்பி வாங்கும் சாம்பல் நிறப் பேஸ்ட் 4 கிராம் எடுத்துக் கொடுத்தார், 550 ரூபாய். டப்பாவில் வெப்பக் கடத்தல் எண் பெரிதாகப் போட்டிருந்தது. அந்த எண்ணை நம்பித்தான் வாங்கினேன்.

சரி, திறப்போம். ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பார்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுக்க வேண்டும். பின்மூடி ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் திருகினால் மறுபக்கம் உள்ளங்கை வைக்கும் இடத்தில் முட்டிக்கொண்டு வரும். மூடியைக் கிளப்ப காலாவதியான ஏடிஎம் கார்டு போதும், இரும்பு எதையும் நுழைக்காதீர்கள். கீல் இருக்கும் பக்கத்தில் கிளிப்புகள் இறுக்கம், அதனால் முன்பக்க மூலையில் தொடங்கினேன். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும்.

ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில்தான் முதல் குற்றவாளி இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தகடுகள் பளபளவென்று சுத்தமாகவே தெரிந்தன. ஃபேனின் மேல்மூடியைக் கழற்றிய பிறகுதான் உள்முகம் தெரிந்தது. தகடுகளின் முழு அகலத்துக்கும் சாம்பல் நிறத் தூசி, முடி, துணி நார் எல்லாம் சேர்ந்து 3 மி.மீ. கனத்துக்குப் படிந்திருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், கிழியாமல் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. வெளியிலிருந்து புளோயர் அடித்தால் இது வராது, இன்னும் ஃபேன் பக்கம்தான் உள்ளே போய் அடைக்கும். ஃபேன் இறக்கைகளைத் துடைக்கும்போது அதைச் சுற்ற விடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றடித்து அதிவேகமாகச் சுழல விட்டால் பேரிங் போகும்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி மூடி ஒரு சோதனை ஓட்டினேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எது எவ்வளவு பலன் தந்தது என்று தெரியாது. தூசி எடுத்ததற்கு மட்டும் 97-லிருந்து 92. வாட் 15-ஐ எட்டியது. இலவசமாகக் கிடைத்த ஐந்து டிகிரி இது. மூடியைத் திறக்கத் தைரியம் உள்ளவர்கள், பேஸ்ட்டைத் தொட மனமில்லாவிட்டாலும் இதையாவது செய்யலாம்.

அடுத்தது ஹீட்சிங்க், அதாவது சிப்பின் சூட்டை ஃபேன் பக்கம் கொண்டுபோகும் செம்புப் பகுதி. கழற்றுவதற்கு முன் சில நிமிடம் லேப்டாப்பை ஓடவிட்டுச் சூடாக்கி அணைத்தால் பழைய பேஸ்ட் கொஞ்சம் இளகும். ஹீட்சிங்க்கில் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்திலேயே 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். கழற்றும்போது 4-லிருந்து பின்னோக்கி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, மறுபடி அரைச் சுற்று. லேப்டாப் சிப்புக்கு மேல், டெஸ்க்டாப் மாதிரி உலோக மூடி கிடையாது. சிலிக்கான் அப்படியே வெறுமையாக உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் போனால் விளிம்பு சில்லு பெயர்ந்துவிடும், பிறகு போர்டையே மாற்ற வேண்டியதுதான். ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே இழுக்காமல் லேசாக இடம் வலமாகத் திருகிக் கொடுங்கள், விட்டுவிடும்.

பழைய பேஸ்ட் வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்து போன மாதிரி வெடித்து, விரலில் பட்டால் பொடியாக உதிர்ந்தது. பாதிச் சிப்பின் மேல்தான் அது இருந்தது, மறுபாதியில் சிலிக்கான் கண்ணாடி போலத் தெரிந்தது. அந்த 11 டிகிரி இடைவெளி எங்கிருந்து வந்தது என்று கண்ணாலேயே பார்த்தேன். ஒரே பச்சைப் பலகையில் இரண்டு சிலிக்கான் துண்டுகள் இருக்கும். பெரியதுதான் பிராசஸர், ஸ்கேல் வைத்து அளந்தேன், ஏறக்குறைய 14-க்கு 9 மி.மீ. சின்னது சிப்செட், இந்த மாடலில் அதன்மேல் செம்பு படுவதில்லை, அதற்குப் பேஸ்ட்டும் தேவையில்லை.

துணியில் ஆல்கஹால் நனைத்து ஒரு நிமிடம் மேலே போட்டு வைத்தால் பேஸ்ட் ஊறிக் கையோடு வந்துவிடும். சிப்பைச் சுற்றி மணல் அளவுக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன, அவற்றின் இடுக்கில் மென்மையான டூத் பிரஷ். எந்தக் காரணத்துக்காகவும் பிளேடால் சுரண்டாதீர்கள்.

புதுப் பேஸ்ட்டை நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அழுத்தத்தில் பரவட்டும் என்று விடுவது மூடி உள்ள டெஸ்க்டாப் சிப்புக்குச் சரி. இங்கே வெறும் சிலிக்கான், ஒரு மூலை விட்டுப் போனாலும் அந்த மூலையில் உள்ள கோர் கொதிக்கும். அதனால் பிளாஸ்டிக் அட்டையால் முழுப் பரப்பிலும் மெல்லிசாக இழுத்துவிட்டேன். ஹீட்சிங்க்கை வைத்து 1, 2, 3, 4 என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். முடிவு 76 டிகிரி. கோர்களுக்குள் இடைவெளி மூன்று. மதிப்பெண் 2,830. ஃபேன் சத்தம் பாதியாகக் குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் பங்குனி, சித்திரையில் மறுபடி அந்த இரைச்சல் ஆரம்பித்தது. வெயில் என்றுதான் முதலில் நினைத்தேன். அறை 33, பழைய கணக்கைவிட இரண்டு டிகிரிதான் கூடுதல். ஆனால் சோதனையில் சிப் 89 காட்டியது, இடைவெளி மறுபடி 9. தூசி இல்லை, ஃபேன் நன்றாகவே சுற்றுகிறது. திறந்தேன். பேஸ்ட் காயவில்லை, ஈரமாகவே இருந்தது. ஆனால் இருந்த இடம் மாறிவிட்டது. நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, நான்கு ஓரங்களிலும் வரப்பு கட்டியது போல ஒதுங்கிக் கிடந்தது. சிப் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும் ஒவ்வொரு தடவையும் துளியூண்டு வளைந்து நிமிர்கிறது. இளக்கமான பேஸ்ட் அந்த அசைவில் நசுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிறது. பம்ப் அவுட் என்று இதற்குப் பெயர். டெஸ்க்டாப்பில் வருடக்கணக்காக ஓடும் நல்ல பேஸ்ட்டே லேப்டாப்பில் இப்படித் தோற்பது பேஸ்ட்டின் குறையல்ல, இடம் வேறு. டப்பாவில் போட்டிருக்கும் கடத்தல் எண் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

திரவ உலோகம் போடலாமே என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். அது காலியம் கலந்தது. மின்சாரம் கடத்தும், ஒரு துளி அந்தக் கெப்பாசிட்டர்கள் மேல் சிந்தினால் முடிந்தது கதை. அலுமினியத்தில் பட்டால் அரித்தே விடும். தினமும் பையில் தூக்கிப் போகும் இயந்திரத்துக்கு நான் அதைப் போட மாட்டேன். வோல்ட்டேஜைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும் வழியும் முன்பு இருந்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்த பிறகு பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுகளில் அதைப் பூட்டிவிட்டார்கள். என் லேப்டாப்பிலும் பூட்டுதான்.

மிச்சம் இருந்தது ஃபேஸ் சேஞ்ச் ஷீட். ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்பதுதான் இதில் எல்லோரும் தேடுவது. அறை வெப்பத்தில் திடமான ஷீட்டாக இருக்கும், 45 டிகிரிவாக்கில் இளகிப் பரவும், ஆனால் பேஸ்ட் மாதிரி ஓடிவிடாது. ஆன்லைனில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். இதில் போலி நிறைய நடமாடுகிறது. மிக மலிவான பக்கங்களைத் தவிர்த்து, விமர்சனங்களில் வாங்கியவர்கள் முன்-பின் வெப்ப அளவு போட்டிருக்கும் விற்பனையாளராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

செய்முறையில் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. ஷீட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். சென்னை மே மாதத்து அறையில் ஷீட் பிசுபிசுவென்று இளகி, படலத்தை உரித்தால் பாதி அதோடு போய்விடும். இதற்கு ஃப்ரிட்ஜ்தான் வழி. படலத்தோடேயே கத்தரியால் 16-க்கு 11 மி.மீ. வெட்டினேன், சிப்பைவிடச் சுற்றிலும் ஒரு மி.மீ. கூடுதல். காற்றுப் போகாத ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் பத்து நிமிடம். கவர் இல்லாமல் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்துத் தண்ணீர் கோக்கும். எடுத்தவுடன் ஒரு பக்கப் படலம் சடக்கென்று சுத்தமாக வந்தது. சிப்பின் மேல் வைத்து விரலால் மெதுவாக அழுத்தினேன். இரண்டாவது படலம்தான் சோதனை. அவசரப்பட்டு உரித்தால் ஷீட்டே கிளம்பி வரும். அதற்குள் ஷீட் சூடாகிவிட்டதால், ஐஸ்கட்டியை ஜிப் கவரில் போட்டு, ஈரம் படாமல் துணி சுற்றி, மேலே அரை நிமிடம் வைத்தேன். பிறகு இடுக்கியால் மூலையிலிருந்து சாய்வாக, படலத்தை மடித்து இழுத்த மாதிரியே உரித்தேன். ஒரு மூலையில் இரண்டு மி.மீ. கிழிந்தது. வெட்டிய மிச்சத்தில் ஒரு துணுக்கை அங்கே வைத்தேன். உருகும்போது சேர்ந்துகொள்ளும், ஒன்றும் ஆகாது.

பக்கத்தில் மின்சாரம் பகிரும் சின்னச் சிப்புகளின் மேல் இரண்டு தெர்மல் பேடுகள் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டைகள்) இருந்தன, கழற்றும்போது கிழிந்துவிட்டன. இந்த இடம்தான் ஆபத்தானது. பேட் கனமாகப் போனால் ஹீட்சிங்க் அதன்மேல் உட்கார்ந்து, பிராசஸரைச் சரியாகத் தொடாது. நசுங்காத ஓரத்தில் வெர்னியர் வைத்து அளந்ததில் 1 மி.மீ. வந்தது, அதே கனத்தில் 250 ரூபாய்க்கு வாங்கினேன். ஷீட் போடுவதற்கு முன்பே புதுப் பேடுகளை வைத்து, சிப்பின் மேல் மிச்சமிருந்த பேஸ்ட்டைத் தடவி, ஹீட்சிங்க்கை இறுக்கிக் கழற்றி ஒத்திகை பார்த்தேன். செம்பில் சிப்பின் முழுச் செவ்வகமும் பதிந்திருந்தால் உயரம் சரி. பதிந்திருந்தது. பிறகுதான் துடைத்துவிட்டு ஷீட்.

முதல் சோதனையில் 84 டிகிரி. இதைப் பார்த்துக் கலங்கிப் பலர் அன்றே கழற்றிவிடுகிறார்கள், வேண்டாம். ஷீட் உருகி, அழுத்தத்தில் மெலிந்து படியச் சில சூடு-ஆறு சுற்று தேவை. பத்து நிமிடம் முழு வேலை, அணைத்து முழுதாக ஆறவிடுவது, மறுபடி வேலை. அடுத்தடுத்த ஓட்டங்களில் 80, 77 என்று இறங்கி 74-ல் நின்றது. அறை 33 இருக்கும்போது இந்த 74. கோர்களுக்குள் இடைவெளி இரண்டு. மதிப்பெண் 2,840, பேஸ்ட் போட்டபோதும் கிட்டத்தட்ட இதேதான், அதற்குமேல் எதிர்பார்க்கவும் கூடாது. தொடங்கிய முதல் அரை நிமிடம் சிப் 15 வாட்டுக்கு மேல் பாயும், பிறகு சூடு குறைவாக இருந்தாலும் 15-லேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் வேறு சிப்தான் வாங்க வேண்டும்.

போன வாரம் அறை 29 இருக்கும்போது மறுபடி ஓட்டினேன். 70 டிகிரி. இடைவெளி இன்னும் இரண்டேதான். பேஸ்ட் இத்தனை மாதத்தில் கைவிட்ட இடத்தில் ஷீட் அசையாமல் நிற்கிறது.

ஸ்டாண்டைச் சேர்க்காமல் மொத்தச் செலவு 2,180 ரூபாய். பேஸ்ட் வாங்காமல் நேராக ஷீட்டுக்கே போயிருந்தால் 1,630-ல் முடிந்திருக்கும். அடுத்த லேப்டாப்புக்கு அப்படித்தான் செய்வேன். ஒத்திகைக்கு மட்டும் அந்த அறுபது ரூபாய் வெள்ளைப் பேஸ்ட் போதும். ஃபேன் சுற்றி நிற்கும்போது இப்போது ஒரு மெல்லிய கரகரப்பு கேட்கிறது, ஹீட்சிங்க் கையில் இருந்தபோதே புது ஃபேன் போட்டிருக்கலாம். இந்த மாடலில் ஃபேனும் ஹீட்சிங்க்கும் ஒரே துண்டு, ஃபேன் மாற்றினால் ஷீட்டையும் புதிதாகப் போட வேண்டும். ஷீட்டில் இன்னும் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. அதை ஜிப் கவரில் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறேன். தை மாதத்துக்குள் ஃபேனை வாங்கிவிட்டால் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். தங்கை மகனின் கேமிங் லேப்டாப்பும் வரிசையில் நிற்கிறது. அதில் கிராபிக்ஸ் சிப்புக்கும் தனியாக ஒரு துண்டு வெட்ட வேண்டும், சுற்றியுள்ள மெமரிச் சிப்புகளின் பேட் கனத்தை முதலில் அளக்க வேண்டும்.